களஞ்சியத்தில் இடமில்லை

எங்கள் செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பு உண்டாகும். 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையைக் கண்ட கோட்டை அல்லவா!

சென்ற வாரம் என் மகனுக்கும் ஒரு முற்றுகை வந்தது. அவனுடைய பிளேஸ்டேஷன் 5 புது விளையாட்டை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டது. அதன் கொள்ளளவு 825 ஜிகாபைட். சொந்தச் செலவு போக, விளையாட்டுகளுக்கு மிஞ்சுவது சுமார் 667. துல்லியமான படம், ஒலி என்று ஒரே விளையாட்டு நூறுக்குமேல் விழுங்கினால் எத்தனை நாள் தாங்கும்?

"அந்தப் பழைய கிரிக்கெட்டை எடுத்துவிடேன்டா" என்றேன்.

"அக்காவோடு ஆடினதுப்பா."

அவள் புக்ககம் போய் ஆறு மாதம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அவனே விவரம் அறிந்து வந்தான். விளையாட்டை நீக்கினாலும், அதுவரை ஆடிய கணக்கு பெட்டியிலேயே தங்குமாம். விளையாட்டை மறுபடி இறக்கிக்கொள்ளலாமாம். குதிர் காலியானாலும் விதைநெல் பத்திரம்! நிம்மதியாக நீக்கினான்.

என் பீரோவிலும் இடமில்லை. அம்மாவின் கடிதக் கட்டுகளை எடுத்தால் இடம் கிடைக்கும். ஆனால், காகிதத்துக்கு அந்தச் சலுகை இல்லையே! புதுப் புத்தகங்கள் தரையில்தான் கிடக்கின்றன.