எல்லை ஊர் ஹபராண்டா

ஸ்வீடனின் வடகோடியில், பின்லாந்து எல்லையை ஒட்டியிருக்கிறது ஹபராண்டா. கூப்பிடு தூரத்தில் பின்லாந்தின் டோர்னியோ நகரம்.

1939 நவம்பர் 30-ந் தேதி சோவியத் சேனை பின்லாந்துக்குள் புகுந்தது. ஸ்வீடன் அரசாங்கம் யுத்தத்தில் இறங்கவில்லை. ஆனால், அண்டை வீடு எரியும்போது சும்மா இருக்க மனம் வருமா? 8,000-க்கும் அதிகமான ஸ்வீடன்காரர்கள் தாமாகவே தொண்டர் படையில் சேர்ந்து எல்லை தாண்டினார்கள். 1940 பிப்ரவரிக் கடைசியில், உறைபனியில் ஸல்லா போர்முனையின் காவலை ஏற்றார்கள். மார்ச் 13-ந் தேதி போர் ஓய்ந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை.

அதே எல்லையில் எதிர்த் திசையில் வந்தவர்கள் யார் தெரியுமா? கழுத்தில் பெயர்ச்சீட்டு தொங்கிய பின்லாந்துக் குழந்தைகள்! 1941-ல் மறுபடி போர் மூண்டது. கப்பலிலும் ரயிலிலுமாக, அந்த ஆண்டுகளில் சுமார் 70,000 குழந்தைகள் ஸ்வீடன் வந்து சேர்ந்தார்கள். முன்பின் அறியாத அந்தச் சிசுக்களுக்கு அன்னமிட்ட தாய்மாரும் தொண்டர்கள்தானே?