பீப் சத்தத்தை நம்பாதவர்

புதுப்பேட்டைக்குப் பழைய உதிரிபாகம் தேடி வருகிறவர்கள்தான் அதிகம். அந்தத் தெருக்களை ஒட்டிய ஒரு பட்டறைக்கு மட்டும், வண்டியில் என்ன கோளாறு என்றே யாருக்கும் பிடிபடாதபோது ஆட்கள் வருகிறார்கள். அங்கே பாய் ஒருவர் வயரிங் வேலை மட்டும் பார்க்கிறார்.

நான் போனபோது ஒரு கால் டாக்ஸி பானெட்டைத் திறந்தபடி நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுமாம். சற்று ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகுமாம்.

"ரெண்டு கிராங்க் சென்சார் மாத்திட்டேன் பாய். ரெண்டும் புதுசு" என்றார் ஓட்டுநர்.

கிராங்க் சென்சார் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இன்ஜினோடு சுற்றும் பல்சக்கரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். பல வண்டிகளில் 60 பல் இருக்க வேண்டிய சக்கரத்தில் 58தான் இருக்கும். வேண்டுமென்றே விட்ட அந்த இடைவெளி கடந்துபோகும் கணத்தை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இன்ஜினின் கணினியான இசிஎம் கணக்குப் போடுகிறது. 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 2,900 பல், பல்லுக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு நின்றால் ஸ்பார்க்கும் நின்றுவிடும், பெட்ரோலும் நின்றுவிடும்.

ஸ்கேனரில் பி0335 என்ற கோளாறுக் கோட் வந்தது. சென்சார், வயர், கப்ளர், இசிஎம் வரை எதில் பழுது வந்தாலும் இதே எண் வரலாம். ஆனால் கடையில் சுலபமாக வாங்கி மாட்ட முடிவது சென்சார்தானே, அதனால் அதைத்தான் மாற்றுகிறார்கள்.

பாய் கப்ளரைக் கழற்றிச் சாவியைப் போட்டார். மூன்று வயரில் ஒன்றில் 5 வோல்ட் சப்ளை இருந்தது. சிக்னல் வயரிலும் இசிஎம் அனுப்பும் 5 வோல்ட் இருந்தது. எர்த் வயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தான் உதவிக்கு நின்ற பையன். பீப் அடித்தது.

"எர்த் ஓகே பாய்."

"ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அது பீப் அடிக்கும்டா. கப்ளரை மாட்டு. ஓடும்போது பாப்போம்."

மாட்டிய கப்ளரின் பின்புறமாக மெல்லிய ஊசியை நுழைத்து எர்த் வயரைத் தொட்டார். மீட்டரின் இன்னொரு முனை பேட்டரி நெகடிவில். இன்ஜின் ஓடியது. 0.02 வோல்ட். நல்ல எர்த்தில் 0.1ஐத் தாண்டக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கும்வரை யாரும் எதையும் தொடவில்லை. இந்தக் காத்திருப்புதான் தொழிலில் பாதி என்று எனக்குப் பட்டது. இதற்குப் பில்லில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஃபேன் சுற்றியது. மீட்டரில் 0.3, பிறகு 0.8. வண்டி அணைந்தது.

வயர் கட்டைப் பிரித்து, எர்த் வயரைச் சாண் சாணாக இரு விரலால் இழுத்துக்கொண்டே போனார். உள்ளே செம்பு முழுசாக இருக்கும் வயர் இழுபடாது. ஒரு இரும்புப் பட்டை உரசிய இடத்தில் மட்டும் அது ரப்பர் மாதிரி நீண்டது. மேலுறையைக் கீறியதும் உள்ளே பச்சைப் பொடி. ஓரிரு இழைகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. சூட்டில் அதுவும் விலகும், ஆறினால் மறுபடி ஒட்டும். புது சென்சார் என்ன செய்யும், பாவம்?

கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவைச் சூடாக்கி மூடினார். பட்டையில் படாதபடி வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டினார்.

கூலியைக் கேட்டதும் ஓட்டுநர் முகம் மாறியது. "ஒரு சாண் வயருக்கா பாய்?" இரண்டு சென்சாருக்கும் பேரம் பேசாமல் காசு கொடுத்தவர் அவர். கண்ணில் படும் பொருளுக்கு நம்மவர்கள் கேட்ட விலையைக் கொடுப்பார்கள். தேடிய நேரத்துக்கு என்றால் மனசு வராது. பாய் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"கோட அழிச்சிட்டேன். ஏசி போட்டு டிராஃபிக்ல ஒரு மணி நேரம் ஓட்டுங்க. நின்னா வாங்க, காசு வேணாம்" என்று சாவியைக் கொடுத்தார். பையன் அதற்குள் அடுத்த வண்டியின் பானெட்டைத் தூக்கியிருந்தான். எலி கடித்த வயரிங்.