உறுமும் குரலும் ஒளிந்த சொல்லும்

இசை என்றால் செவிக்கு இனியதாக இருத்தல் வேண்டும் என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். செவியை அறைவதும் இசையாகுமோ என்று கேட்போர் உளர். நாமும் நேற்றுவரை அவ்வாறு கேட்டவரே.

மழைக்காலத்து மாலையொன்றில், ஈப்போ புந்தோங்கிலுள்ள நம் இல்லத்திற்கு வந்த தம்பி மகன், குறுந்தட்டொன்றை நீட்டி, “பெரியப்பா, பாதியில் நிறுத்தாமல் முழுவதும் கேளுங்கள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்” என்றான். சிங்கப்பூரின் ‘ருத்ரா’ குழுவினர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’ என்பது அத்தட்டு. முதற்பாட்டு முடியுமுன் நம் துணைவியார் சன்னலைச் சாத்திவிட்டார். அயலார் என்ன நினைப்பரோ என்னும் அச்சம்!

இவ்விசையின் வரலாற்றைச் சிறிது சொல்லுதல் தகும். ‘பிளாக் மெட்டல்’ என்னும் பெயர், இங்கிலாந்தின் ‘வெனம்’ குழுவினர் 1982இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரினின்றும் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு இளைஞர் சிலர் இதனை மாதாகோயிலுக்கு எதிரான போராகவே ஆக்கினர். கோயில்களுக்குத் தீ வைத்தவரும் உண்டு. தீ வைப்பது அறிவின் செயலன்று. சுவீடன் நாட்டு ‘டிசெக்சன்’ குழுவினரோ, 1995இல் வந்த தம் தட்டில், இக்கடுமைக்குள்ளும் இனிய பண்ணிழைவு கூடும் என்று காட்டினர். ருத்ரா குழு 1992இல் தோன்றியது. கதிர் என்பார் பாட, சிவா என்பார் முழவடிக்க, தம் இசையை அவர்கள் ‘வேத மெட்டல்’ என்று அழைத்துக் கொண்டனர். வேதம் என்றதும் நம் புருவம் நெரிந்ததை மறைப்பானேன்? ஆயினும் சொன்ன சொல்லுக்காக முழுவதும் கேட்டோம்.

நிறைகளை முதலிற் கூறுவோம். இக்குழுவினர் பிறர் நாட்டுப் பேயை இரவல் வாங்கி ஆடவில்லை. வடநாட்டுப் பனிக்காட்டைப் பாடாமல், தமக்குக் கிட்டிய உபநிடதத்தை எடுத்துக்கொண்டனர். கித்தாரின் இழைவில் நம் நாட்டு இராகச் சாயல் தோன்றுகிறது. முழவின் விரைவோ வெறும் ஆரவாரமன்று. பயின்ற கையின் ஒழுங்கு அதில் உண்டு. தைப்பூச நாளில் கல்லுமலைக் கோயிலுக்குச் செல்லும் வழியில் உறுமி மேளம் கேட்டு நெஞ்சு அதிர்ந்தவர் எவரும் இதனை முற்றும் அயலானது என்று தள்ளிவிட மாட்டார்.

இதனினும் பெரிய நிறை ஒன்றுண்டு. வேதத்தைச் செவிமடுத்த சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றுக என்று கௌதம தர்ம சூத்திரம் விதித்தது. நம் தந்தையார் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கோயிலில் மந்திரம் ஓதப்படும்போது கைகட்டி வெளியே நிற்பார். “அதற்கு என்ன பொருள், அப்பா?” என்று கேட்டால், “நமக்கெதற்கடா அது? சாமிக்குத் தெரியும்” என்பார். அவர் பேரன் இன்று அச்சொற்களைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான். வேண்டும்போது வீடதிர முழங்கச் செய்கிறான். எவர் காதிலும் ஈயம் ஊற்ற எவராலும் இயலவில்லை. மறைத்து வைத்ததை மேடையேற்றி உறுமுவது, உறுமுகிறவர் அறிந்தோ அறியாமலோ, ஒரு சீர்திருத்தமே யாகும்.

இனிக் குறைகள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் வேற்றுமை காண்பது பலவிடத்தில் அரிதாயிருக்கிறது. இடையறாத இடியோசையில் இடியின் சிறப்பே மறைந்துபோகிறது. மந்திர ஓதல், வாயிலிற் கட்டிய தோரணம்போல் சிலவிடங்களில் ஒட்டி நிற்கிறதேயன்றி உள்வீட்டோடு கலக்கவில்லை.

பெருங்குறை வேறு. ‘அகம் பிரம்மாஸ்மி’ என்னும் பாட்டு ஓய்ந்தபின், “இதற்கு என்ன பொருள், தம்பி?” என்று கேட்டோம். “தெரியாது, பெரியப்பா. கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது” என்றான். நாம் சற்று நேரம் பேசவில்லை. அப்பா கோயில் வாசலில் நின்றதும் இப்படித்தானே? பாதி வடமொழி, மற்றது ஆங்கிலம், இரண்டையும் உறுமல் விழுங்கிவிடுகிறது. அன்று ஓதுவோன் மறைத்தான். இன்று ஓசை மறைக்கிறது. கேட்பவன் நிலை மாறிற்றா?

பிறகு இருவருமாக அமர்ந்து பொருள் தேடினோம். ‘நானே பிரம்மம்’ என்பது பிருகதாரணியக உபநிடதத்தின் வாக்கு. படித்ததும் அவன், “அப்படியானால் தாத்தாவும் பிரம்மந்தானே? அவரை ஏன் வெளியே நிறுத்தினார்கள்?” என்றான். நூறு சொற்பொழிவு செய்யாததை அவ்வொரு கேள்வி செய்தது. அக்கேள்வியை இத்தட்டில் நாம் கேட்கவில்லை. எல்லாம் ஒன்றே என்று முழங்குவோர், ஒன்றாயிருந்தவரை இரண்டாக்கியது யார் என்றும் முழங்கியிருப்பின், இதன் மதிப்பு இருமடங்காகியிருக்கும்.

தந்தையார் வெட்டிய பால்மரங்கள் இன்றில்லை, அந்நிலம் செம்பனையாகிவிட்டது, லயங்களும் இடிந்தன. விடியுமுன் பெரட்டுக்கு எழுப்பிய மணியோசையும் நின்றுபோயிற்று. அந்த இருளும் அந்த மணியும் இவ்விசைக்கு ஏற்ற பொருளல்லவா? நம் பிள்ளைகளுள் ஒருவன் அதனைத் தமிழில், சொல் விளங்க உறுமுவானாயின், முதல் ஆளாய் நின்று கேட்போம்.

பெற்றோரே, சன்னலைச் சாத்த வேண்டா. பிள்ளைகள் கேட்கட்டும், நீங்களும் உடனிருந்து கேளுங்கள். ஓசை அடங்கியபின் ஒன்று மட்டும் வினவுங்கள்: “இதற்கு என்ன பொருள், தம்பி?”