திறந்து கிடந்த 3306

பாஸ்வேர்ட் மறந்ததை நான் குற்றமாக நினைக்கவில்லை. டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் அது நேரும். அன்றாட வேலைக்கு அப்ளிகேஷனுக்கென்று தனிக் கணக்கு இருப்பதால் ரூட் கணக்கை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. அதன் பாஸ்வேர்டை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லி வைக்கவும் இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற கர்வம். இந்த வாக்குமூலம் மறந்த பிறகு நான் செய்தவற்றுக்காக.

அப்போது ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை. சர்வரில் மைஎஸ்கியூஎல் 5.6 ஓடிக்கொண்டிருந்தது, மாணவர்களின் மதிப்பெண்கள் முழுவதும் அதில்தான். புதிதாக வாங்கிய மென்பொருளுக்கு ஒரு கணக்குத் திறந்து தரச் சொன்னார்கள். ரூட்டாக நுழையப் பார்த்தேன், நினைவிலிருந்த எதையும் சர்வர் ஏற்கவில்லை. தேர்வு அலுவலரிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் சர்வரை நிறுத்தி வேலை பார்க்க முறையாக நேரம் ஒதுக்கித் தந்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை. மதிய இடைவேளையில், யாரும் பார்க்காதபோது முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மைஎஸ்கியூஎல் பாஸ்வேர்டை அப்படியே வைத்திருப்பதில்லை. அதன் ஹேஷை மட்டும் வைத்திருக்கும். ஆகவே பழையதை மீட்க முடியாது, புதியதை வைக்கத்தான் முடியும். பாதுகாப்பான வழியை அதன் கையேடே சொல்கிறது. மாற்றும் கட்டளையை ஒரு ஃபைலில் எழுதி, சர்வர் எழும்போது இனிட்-ஃபைல் என்று அதைக் கொடுத்து, வேலை முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிட வேண்டும். அவசரத்தில் நான் குறுக்குவழிக்குப் போனேன். கான்ஃபிக் ஃபைலில் ஸ்கிப்-கிராண்ட்-டேபிள்ஸ் என்று ஒரு வரி சேர்த்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். அந்த வரி இருந்தால் சர்வர் யாரையும் சோதிக்காது. எந்தப் பெயரில், எந்தப் பாஸ்வேர்டில் வந்தாலும் முழு அதிகாரத்தோடு உள்ளே விடும். 2018இல் வந்த 8.0 பதிப்பு இந்த நிலையில் வெளித் தொடர்பைத் தானாகவே அடைத்துவிடும். 5.6 அடைக்காது, நாம்தான் ஸ்கிப்-நெட்வொர்க்கிங் என்று இன்னொரு வரி எழுத வேண்டும். அது எனக்குத் தெரியும், இருந்தும் எழுதவில்லை. சில நிமிடங்கள்தானே என்று விட்டேன்.

உள்ளே போய் ஃபிளஷ் பிரிவிலேஜஸ் கொடுத்தேன். அதோடு அனுமதி அட்டவணைகள் மறுபடி உயிர்பெறும். புதுப் பாஸ்வேர்டை வைத்தேன், தப்பான ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், மறுத்தது. எல்லாம் சரி என்று எழுந்துவிட்டேன். கான்ஃபிக் ஃபைலில் அந்த வரி அப்படியே இருந்தது. அதை நீக்கிவிட்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

பிறகு ஒருநாள் யுபிஎஸ் பழுதாகி சர்வர் அணைந்து, மீண்டும் எழுந்தது. எழும்போது அந்த வரியைப் படித்தது. வெளியே எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அப்ளிகேஷன் வழக்கம்போல ஓடியது, ஏனென்றால் அதையும்தான் சர்வர் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டது. மாணவர்கள் உட்காரும் ஆய்வகக் கணினிகளும் அதே நெட்வொர்க்கில் இருந்தன. மைஎஸ்கியூஎல்லின் 3306ஆம் போர்ட் திறந்து கிடந்தது.

என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பெண்தான் முதலில் கவனித்தாள். "அண்ணா, பாஸ்வேர்ட தப்பா அடிச்சுட்டேன். ஆனாலும் உள்ள போயிடுச்சு" என்றாள். கேட்ட அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "கேஷ்ல பழசு இருந்திருக்கும்மா, விடு" என்றேன். அவள் நம்பினாள். அதைத் தன் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டாள். இதில் எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். சரியாகக் கவனித்த ஒரு பிள்ளைக்கு, அவள் பார்த்தது தப்பு என்று கற்றுக்கொடுத்தேன்.

அன்றிரவு வரியை நீக்கி ரீஸ்டார்ட் செய்தேன். அதற்குப் பிறகும் ஒரு கடமை மிச்சமிருந்தது. பைனரி லாக்கில் அந்த இடைவெளியில் நடந்த மாற்றங்கள் பதிவாகியிருக்கும். பூட்டே இல்லாத நேரத்தில் மாற்றியவர் இன்னார் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், எந்த மதிப்பெண் எப்போது மாறியது என்பதையாவது பார்த்திருக்கலாம். நான் திறந்து பார்க்கவில்லை. ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும் என்ற பயம். பழைய லாக்குகள் குறித்த காலத்துக்குப் பின் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தவனும் நான்தான். அழியட்டும் என்று காத்திருந்தேன். அழிந்தன.

அந்தப் பெண்ணிடம் போன வாரம் சொல்லிவிட்டேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "காலேஜ்ல சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் தேர்வு அலுவலருக்கு இதை எழுதித் தருகிறேன். சர்வர் ஒவ்வொரு முறை எழுந்த நாளும் நேரமும் எரர் லாக்கில் இருந்தன. அதன் பிரதியை இணைத்திருக்கிறேன். தேர்வாளர்கள் கையெழுத்திட்ட மதிப்பெண் தாள்கள் இன்னும் அலமாரியில் இருந்தால், அந்தத் தேதிகளுக்குள் கணினியில் இருந்த பதிவுகளை அவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். என்னை அனுமதித்தால் அந்த வேலையைச் சம்பளமில்லாமல், வேறொருவர் மேற்பார்வையில் உட்கார்ந்து செய்து தருகிறேன்.