சீமையில் ஒரு வயிற்றுவலி

கிரிக்கெற் ஆட்டங்களைப் பற்றியும் பழைய ஆசிரியர்களைப் பற்றியும் இம்மலரில் எழுதுதற்கு என்னிலும் தகுதி மிக்கோர் பலர் உளர். ஆதலின் நான் என் வயிற்றைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

1963ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் மேற்படிப்பின் பொருட்டு இலண்டன் மாநகர் சேர்ந்தேன். என் பெட்டியிற் பாதியைப் புத்தகங்களும் மறுபாதியை அம்மா வறுத்து இடித்துத் தந்த மிளகாய்த்தூளும் நிறைத்திருந்தன. நான் தங்கியிருந்த வீட்டுக்காரி அவித்துத் தந்த கோவாவையும் உருளைக்கிழங்கையும் அத்தூளே உண்ணத்தக்கன ஆக்கிற்று.

மாசி மாதக் குளிரில் வலி தொடங்கியது. இரவு இரண்டு மணியளவில் கொள்ளிக்கட்டை கொண்டு உள்ளே சுடுவது போன்றிருக்கும். இரண்டு பிஸ்கற்றுத் தின்றால் ஆறும். விடியுமுன் மீளவும் வரும். ஒரு மாத காலம் எவருக்கும் சொன்னேனல்லேன். நோயைக் காட்டிலும் வைத்தியச் செலவே எனக்குப் பேரச்சமாயிருந்தது. ஈற்றில் உடன் வசித்த நண்பரொருவர் வலிந்து என்னை வைத்தியரிடம் இட்டுச் சென்றார்.

"வயிற்றிற் சூடு" என்று நாம் சொல்வதனை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொன்னேன். வைத்தியரோ காய்ச்சலெனக் கருதி என் நாவின் கீழ் வெப்பமானியை வைத்தார்! உடற்சூடு சரியாயிருக்கக் கண்டதும், "வலிக்கும் இடத்தை ஒரு விரலாற் காட்டுக" என்றார். காட்டினேன். உண்டால் வலி கூடுமோ குறையுமோ என்று வினவினார். அவ்வளவுதான், பாதி நோயை அறிந்துகொண்டார். பிறநாட்டில் நோயுற்றார்க்குத் தம் மொழி உதவாதவிடத்து ஒரு விரல் உதவும் என்பதை அன்று கண்டேன்.

எழுந்து சட்டைப்பையிலிருந்த பவுண் நோட்டுகளை எடுத்தேன். அவர் நகைத்து, அவற்றை உள்ளே வைக்கும்படி சொன்னார். 1948ஆம் ஆண்டு ஆடி 5ஆம் திகதி ஆரம்பிக்கப்பெற்ற அந்நாட்டுத் தேசிய சுகாதார சேவை, அக்காலத்தில் என் போன்ற பிறநாட்டு மாணவரையும் தன்னவராகவே பேணிற்று. மருந்துக்கடையில் மருந்தொன்றுக்கு இரண்டு சிலிங் கொடுத்ததே என் செலவு. (இக்காலத்து மாணவர் இதனை நம்பிப் புறப்படுதல் ஆகாது. 2015 முதல் விசாவுடனேயே சுகாதாரக் கட்டணமும் முன்கூட்டிச் செலுத்தல் வேண்டும். 2024இல் அது மாணவருக்கு ஆண்டொன்றுக்கு 776 பவுணாக உயர்த்தப்பட்டது.)

சுண்ணாம்புக் கரைசல் போன்ற பேரியக் குழம்பைக் குடிப்பித்து எக்ஸ்-கதிர்ப் படம் பிடித்தார்கள். முன்சிறுகுடலிற் புண். மூன்று வாரம் ஆஸ்பத்திரியிற் கிடந்தேன். இரண்டு மணிக்கொரு தரம் பால். இடையிடையே அமிலத்தைத் தணிக்கும் வெண்மருந்து. நோயாளர்க்கு அவித்த மீன் தருவது வழக்கம். நான் சைவ போசனக்காரன் என்றறிந்த தாதியார் மசித்த கிழங்கையே மும்முறையும் தந்தார். பாலால் ஆற்றும் இம்முறையைச் சிக்காகோ வைத்தியர் சிப்பி என்பார் 1915இல் வெளியிட்டார். பாலே அமிலத்தைப் பின்னர் பெருகச் செய்யும் என்பது பிற்காலத்தார் கண்ட உண்மை.

வீடு திரும்பும்போது வைத்தியர், "காரம் வேண்டாம்" என்றார். காரத்தால் வந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு நான் ஊருக்கெழுதிய வான்கடிதத்தில், "நீங்கள் தந்த தூளே என் குடலைப் புண்ணாக்கியதென்று வைத்தியர் சொல்கிறார்" என்று எழுதிவிட்டேன். நோயின் சினமோ, தனிமையோ, அறியேன். எழுதியவன் நான்.

மூன்று கிழமையில் மறுமொழி வந்தது. வழக்கமாக இடமில்லாது விளிம்பிலெல்லாம் எழுதும் அம்மா, நான்கே வரி எழுதியிருந்தார். "தம்பி, அறியாமற் செய்துவிட்டேன். இனி இவ்வீட்டில் தூள் இடிப்பதில்லை" என்பது அதில் ஒன்று. வீண்பேச்சென்று எண்ணினேன். 1967இல் ஊர் மீண்டபோது உண்மை தெரிந்தது. மூன்றாண்டாக வீட்டில் எல்லார்க்கும் பாற்கறிதான். அப்பா ஒன்றும் சொல்லாது உண்டுகொண்டிருந்தார். கோபத்தில் எழுதியது அது என்று நான் எத்தனையோ முறை சொல்லியும் அம்மா சமாதானமடைந்தாரல்லர். இலையில் நான் கைவைக்கும் வரை என் முகத்தையே பார்த்திருப்பார். 1978இல் அவர் காலமானார்.

1982ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வாரன், பரி மார்ஷல் என்னும் இரு வைத்தியர்கள், இரைப்பையில் வாழும் சுருள்வடிவப் பற்றீரியா ஒன்றை வளர்த்தெடுத்தனர். அமிலத்தில் எவ்வுயிரும் தங்காதென்றே அதுகாறும் பலரும் நம்பியிருந்தனர். மார்ஷல் 1984இல் அக்கிருமிகளைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி கண்டு, தம் கூற்றை நிலைநாட்ட முற்பட்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குடற்புண்களிற் பெரும்பாலானவை அக்கிருமியால் வருவன. அஸ்பிரின் போன்ற வலிமருந்துகளால் வருவனவும் உள. மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம், அப்புண்ணை உண்டாக்குவதன்று.

எனக்கு 1996இல் வலி மீண்டது. கொழும்பில் நுனியில் விளக்குள்ள குழாயைத் தொண்டைவழி செலுத்திப் பார்த்து, கிருமி இருக்கிறதென்றார் வைத்தியர். இரண்டு வாரம் மாத்திரைகள் உண்டேன், அவ்வளவே. முப்பத்திரண்டு ஆண்டு என்னோடிருந்த நோய் நீங்கிற்று. மிளகாய்த்தூளைப் பற்றி நான் கேட்டபோது அவர் முறுவலித்து, இக்கிருமி பெரும்பாலும் சிறுபிராயத்திலேயே வயிற்றிற் புகுவது என்றார். ஆக, நான் இலண்டனுக்குக் கப்பலேறியபோது அதுவும் சீட்டின்றி உடன் வந்திருத்தல் வேண்டும்.

அம்மாவின் நான்கு வரிக் கடிதம் இன்னும் என்னிடம் உண்டு. சென்ற ஆண்டு என் பேரன் படிப்பின் பொருட்டுப் பிறநாடு புறப்பட்டபோது, பெட்டியின் பாரத்துக்கஞ்சி என் மனைவி தூள்ப் போத்தல்களில் ஒன்றை வெளியே எடுத்து வைத்தார். அதைத் திரும்ப உள்ளே வைத்து, என் கையாலேயே பெட்டியைப் பூட்டினேன்.