கலைக்காத தூரம்

எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் கடல் ஏற்றவற்ற அட்டவணை ஒட்டியிருக்கிறது. நாங்கள் மீன் பிடிக்கிறவர்கள் இல்லை. வீட்டு ஜன்னலிலிருந்து கடலும் தெரியாது. ஆக்லாந்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் வெஸ்ட்கேட், கடைவளாகமும் நெடுஞ்சாலையும் புதுக் குடியிருப்புகளுமாக வளர்ந்துகொண்டிருக்கும் ஊர். ஆனால் கரைப்பறவை பார்க்கிறவர்கள் வீட்டில் இந்தத் தாள் இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் ஏறும் நேரம் தெரியாமல் கிளம்பினால் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நான் கேமரா பிடிக்கப் பழகியது வெஸ்ட்கேட்டிலேயே உள்ள கோபுபாக்கா பூங்காவில். மழைநீர் வடிவதற்காக அமைத்த இடம். அதையே ஓடை, குளம், நாணல், நடைபாதை என்று அழகாகச் செய்திருக்கிறார்கள். 2016இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த நிலவடிவமைப்பு என்ற விருதும் அதற்குக் கிடைத்தது. அங்கே நாணலுக்குள் சிவப்பு நெற்றியோடு நடமாடும் புகெக்கோவை முதல்முறை பார்த்தபோது சொந்தக்காரரைக் கண்டதுபோல இருந்தது. நம் ஊர் ஏரிகளில் தாழைக்கோழி என்கிறோமே, அதன் நெருங்கிய உறவு. நாள்தோறும் ஒரே குளத்துக்குப் போனதில் ஒன்று புரிந்தது. பறவைக்கு நம்மைப் பிடிக்காமல் போகும் தூரம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பறவைக்கும் அது வேறு. அதைக் கண்டுகொள்வதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

அன்று மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. உச்ச ஏற்றம் மாலை ஐந்து மணிக்கு. பக்கத்துத் தெருப் பையனும் உடன் வந்தான். பெற்றோர் யாழ்ப்பாணம், அவன் பிறந்தது இங்கே. புது லென்ஸ் வாங்கியிருந்தான். ஒன்றரை மணி நேரம் தெற்கும் கிழக்குமாக ஓட்டி, பால்பண்ணைகளைக் கடந்து, தேம்ஸ் வளைகுடாவின் மேற்குக் கரையில் இறங்கினோம். இடத்தின் பெயர் புகோரோகோரோ மிராண்டா. சிப்பி ஓடுகளை அலைகள் சில ஆயிரம் ஆண்டுகளாக வரிவரியாகக் குவித்து உண்டாக்கிய சமவெளி. 1975இல் உருவான இயற்கை ஆர்வலர் அறக்கட்டளை ஒன்று இந்தக் கரையைப் பார்த்துக்கொள்கிறது. 1990இல் இந்த வளைகுடா ராம்சார் ஈரநிலமானது. அறக்கட்டளையின் கரைப்பறவை மையமும் அந்த ஆண்டில் எழுந்ததுதான்.

“அக்கா, எவ்வளவு கிட்டப் போகலாம்?” என்றான் தம்பி, காரிலிருந்து இறங்கும்போதே.

“நாம போக வேண்டாம். அதுகளே வரும்” என்றேன்.

வரும் என்பது உண்மை. வற்றத்தின்போது பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் விரிந்த சேற்றில் சிதறி இரை தேடுகின்றன. கண்ணுக்குப் புள்ளிகள்தான் தெரியும். தண்ணீர் ஏற ஏற அவற்றின் காலடி நிலம் சுருங்குகிறது. கடைசியில் கரையோரச் சிப்பி மேட்டில் ஆயிரக்கணக்கில் வந்து கூடி நிற்கும். அதனால் உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே மறைவிடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். கிழக்கு பார்த்த கரை என்பதால் பிற்பகல் வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும்; காலையில் போனால் சூரியன் லென்ஸுக்குள் அடிக்கும். நண்பகலில் சேற்றுக்கு மேல் கானல் ஆடும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அப்போது கலங்கிய படத்தைத்தான் தரும். பிற்பகல் ஏற்றமுள்ள நாளைத் தேடி அட்டவணையில் விரல் வைப்பது இதனால்தான்.

நாங்கள் பார்க்கப் போனது பட்டைவால் மூக்கனை. மாவோரி மொழியில் குவாக்கா. நீண்ட அலகின் நுனி சற்றே மேல்நோக்கியிருக்கும். செப்டம்பரில் வந்து இறங்கும்போது சாம்பல் நிறம். மார்ச்சில் கிளம்பும்போது ஆண்கள் செங்கல் நிறமாகிவிடும். முட்டையிடுவது அலாஸ்காவில். குவாக்காவின் முட்டையைக் கையில் ஏந்தியவர் யார் என்று கேட்கும் பழமொழி மாவோரிகளிடம் உண்டு. ஆண்டுதோறும் கண்ணெதிரே வந்து போகும் பறவை எங்கே கூடு கட்டுகிறது என்று யாருக்கும் தெரியாத காலத்தின் கேள்வி அது.

அது போய் வரும் வழி 2007இல் துல்லியமாகத் தெரிந்தது. செயற்கைக்கோள் கருவி பொருத்திய ‘ஈ7’ என்ற பெண் பறவை அந்த மார்ச்சில் நியூசிலாந்திலிருந்து கிளம்பி, சுமார் 10,000 கிலோமீட்டர் நிற்காமல் பறந்து, சீன–கொரிய எல்லையில் யாலு ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியது. அங்கே வாரக்கணக்கில் தின்று தேறி அலாஸ்கா போனது. திரும்பும்போது பசிபிக் கடலைக் குறுக்காகக் கடந்து 11,680 கிலோமீட்டர். எட்டு நாள். இரை இல்லை, தண்ணீர் இல்லை, இறங்க இடமும் இல்லை. வந்து இறங்கியதும் இதே தேம்ஸ் வளைகுடாவில்தான். 2022இல் பிறந்து ஐந்து மாதமே ஆன ஓர் இளம் பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரைப் பதினோரு நாளில் கடந்தது. அலாஸ்காவை விட்டுக் கிளம்பும்போது குவாக்காவின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. சுமையைக் குறைக்க இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன.

மறைவிடத்தில் தன்னார்வலர் ஒருவர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். முன்னால் முக்காலியில் ஸ்கோப், மடியில் குறிப்பேடு, கையில் எண்ணும் கருவி. அவர் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் அளவு எடுத்துக்கொள்கிறார். அதை வைத்து நூறு, நூறை வைத்து ஆயிரம். இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை. இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது முறை. களத்துமேட்டில் நெல் குவியலைப் பார்த்து இத்தனை மூட்டை என்று சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்களின் கண் அவருக்கு வாய்த்திருந்தது. நாடு முழுக்க இப்படி எண்ணுகிறவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவைத்த குறிப்பேடுகளால்தான், குவாக்காக்கள் குறைந்துவருவதை அறிய முடிந்தது.

எண்ணி முடித்ததும் கொடி படிக்கும் வேலை. ஆய்வாளர்கள் வலை போட்டுப் பிடித்து விட்ட பறவைகளின் காலில் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கொடி இருக்கும். நியூசிலாந்தில் போட்டது வெள்ளை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஆரஞ்சு, ஷாங்காய் அருகே சோங்மிங் தீவில் கறுப்பும் வெள்ளையும். வெள்ளைக் கொடியில் மூன்று எழுத்து. ஸ்கோப்பை என்னிடம் தந்து ஒரு பறவையைக் காட்டினார். ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகித் தூங்கியது. கொடி கட்டிய கால் வயிற்றுக்குள் மடங்கியிருந்தது. காத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்துக் காற்றுத் திரும்பியது. பறவை ஒருமுறை தத்தி முகத்தைக் காற்றுக்கு நேராக்கியது. அந்த ஒரு நொடியில் இரண்டு எழுத்து கிடைத்தது. மூன்றாவதை இன்னொரு பறவையின் உடல் மறைத்துவிட்டது. ‘எம்’ ஆக இருக்கலாம், ‘என்’ ஆகவும் இருக்கலாம். குறிப்பேட்டில் அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னார். ஊகத்தை எழுதினால் செத்த பறவைக்கு உயிர் கொடுத்ததாகவும் ஆகும், இருக்கும் பறவையைச் சாகடித்ததாகவும் ஆகும் என்றார்.

மூக்கன்களுக்குப் பக்கத்தில் சாம்பல் உருண்டைகள்போலச் சிறு பறவைகள் நின்றன. மாவோரிப் பெயர் ஙுட்டு பாரே. ஙுட்டு என்றால் அலகு. நம் நெடுங்கணக்கில் வேலையில்லாமல் கிடக்கும் ஙகரம் இந்த ஊரில் நாள்தோறும் சொல்லுக்கு முதலில் வருகிறது. உலகில் அலகு பக்கவாட்டில் வளைந்த பறவை இது ஒன்றுதான். வளைவதும் எப்போதும் வலப்பக்கமே. தென்தீவின் ஆற்றுக் கற்களுக்கு அடியில் உள்ள புழுக்களை எடுக்க அந்த வளைவு. இருப்பது ஐயாயிரத்தை ஒட்டித்தான்.

தம்பி அதற்குள் பொறுமை இழந்து மறைவிடத்தை விட்டு வெளியே போகப் பார்த்தான். கூட்டம் எழுந்து பறக்கும் படம் அவனுக்கு வேண்டும். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். ஐந்து வருடம் முன்பு நான் செய்த தவறு அது. முதல்முறை இங்கே வந்தபோது சிப்பி மேட்டில் முப்பது அடி கூடுதலாக நடந்துவிட்டேன். ஆயிரக்கணக்கான சிறகுகள் ஒரே சத்தமாக எழுந்தன. நல்ல படம் கிடைத்தது; பலர் பாராட்டினார்கள். பயணத்துக்காகச் சேர்க்கும் கொழுப்பை அந்தப் பறவைகள் எனக்காக எரித்தன என்பது பிறகுதான் உறைத்தது. வேறு மேடில்லாமல் அவை நெடுநேரம் காற்றிலேயே சுற்றின. அந்தப் படத்தை அதற்குப் பின் யாருக்கும் நான் காட்டுவதில்லை.

என் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். கோடியக்கரை உப்பளங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் உள்ளான்களுக்கு வளையம் போடுவதைச் சிறுவயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். பறவைகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள். தலைமுறை தலைமுறையாகச் சந்தைக்குப் பறவை பிடித்தவர்கள், அந்தக் கைத்திறனை ஆய்வுக்குத் திருப்பிக்கொண்டார்கள். இறகு கசங்காமல் பிடிப்பது அவர்களுடைய திறமை. கலைக்காமல் எண்ணுவது இந்த அம்மாளின் திறமை. கேமராக்காரர்களாகிய நாமும் அந்த வரிசையில் நிற்கிறவர்கள்தான்.

மாலை ஆறரைக்குக் கூட்டத்தில் ஒரு மூலை சலசலத்தது. ஐம்பது அறுபது பறவைகள் தனியே பிரிந்து ஓயாமல் குரல் கொடுத்தன. அம்மாள் எழுந்து நின்றார். அவை எழும்பி, வளைகுடாவுக்கு மேலே வட்டமிட்டு, கலைந்து, மீண்டும் கோடாகி, வடக்கே திரும்பின. தென்காற்று இருந்தது. தம்பி கேமராவைத் தூக்கவே இல்லை; கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நிற்காமலா அக்கா போகும்?”

“மஞ்சள் கடல் வரைக்கும்.”

அந்தக் கடலின் சேற்றுக்கரைகள் பல தொழிற்சாலைகளும் துறைமுகங்களுமாகிவிட்டன. தென்கொரியாவின் சேமாங்கும் கரையை 2006இல் 33 கிலோமீட்டர் மதில் அடைத்தது. 2024இல் யாலு முகத்துவாரம் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது ஆறுதல். நடுவில் உள்ள அந்த ஒரு கரை போனால், இங்கே எத்தனை அக்கறையாகக் காத்தும் பயனில்லை.

இந்தக் குளிர்காலத்தில் பள்ளிக்கரணைக்கோ கோடியக்கரைக்கோ கூந்தன்குளத்துக்கோ கேமராவோடு போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. கல் எறியாதீர்கள், கைதட்டாதீர்கள், கூட்டத்துக்குள் டிரோன் விடாதீர்கள். பறவை இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை உயர்த்தினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டடி பின்வாங்குங்கள். அது மறுபடி குனிந்து இரை எடுக்கத் தொடங்கிய பிறகு ஷட்டரை அழுத்துங்கள்.