நவம்பரில் ஒன்று, இரண்டு

டெல்லியில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஐந்து வயது மகளுக்கு நாங்கள் வீட்டில் கணக்குப் பாடம் தொடங்கியதோ நவம்பரில். பள்ளி வாசலைக் கண்டாலே அழுததால் மழலையர் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டோம். "ஏழு மாசம் போச்சேடா, எப்படி ஈடுகட்டுவே?" என்று போனில் கவலைப்பட்டார் என் அம்மா.

சட்டம் அவசரப்படுத்தவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. அவசரமெல்லாம் பெரியவர்களுக்குத்தான்.

'ஒன், டூ, த்ரீ' என நூறு வரை அவள் ஒப்பிப்பாள். ராஜ்மா கிண்ணத்தை நீட்டி ஏழு கேட்டால், கைநிறைய அள்ளித் தருவாள். எனவே பாடப் புத்தகத்தில் நவம்பருக்குரிய பக்கத்தைத் தேடவில்லை. விதையிலிருந்து தொடங்கினோம். ஒரு சொல்லுக்கு ஒரு விதை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இது பிடிபட மூன்று வாரம் ஆயிற்று.

பத்தைத் தாண்டும்போது தமிழ் கைகொடுத்தது. ஆங்கில 'லெவ'னிலும் இந்தி 'கியார'விலும் குழந்தையின் காதுக்குப் பத்து கேட்பதில்லை. பதினொன்றில் பத்தும் ஒன்றும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. (தொண்ணூறில் தமிழும் சறுக்கும் என்பது வேறு விஷயம்.) கிண்ணத்தில் பத்து விதை, வெளியே மூன்று. "பத்தும் மூணும்... பதிமூணுப்பா!" யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகவே கண்டுபிடித்தது அது.

மார்ச் முடிவில் இருபதுக்குத்தான் வந்து சேர்ந்தோம். நூறு வரை ஒப்பிப்பது நின்றுபோயிற்று. ஆனால் அந்த இருபதும் அவள் கையால் எண்ணியவை.